உடலுக்குள் மார்ஃபின்: உணவில் வந்ததா, உடலே செய்ததா?

அபினை வாழ்நாளில் தொட்டிராத ஒருவரின் சிறுநீரைப் போதிய நுட்பமுள்ள கருவியில் ஏற்றிப் பார்த்தால் அதில் மார்ஃபின் தெரியும். அளவு மிகச் சொற்பம். மில்லிலிட்டருக்குப் பைக்கோமோல் கணக்கில்தான் வரும். ஒரு பைக்கோமோல் மார்ஃபின் 0.3 நானோகிராமைக்கூட எட்டாது. வலியைக் குறைக்கவோ மயக்கம் தரவோ இது எந்த விதத்திலும் போதாது. ஆனாலும் கசகசாச் செடியின் பாலில் இருக்கும் அதே மூலக்கூறுதான் இது, ஓர் அணுகூட மாறவில்லை.

இது உடலுக்குள் எப்படி வந்தது? சாப்பாட்டில் வந்தது என்றார்கள் ஒரு சாரார். உடலே செய்கிறது என்றார்கள் இன்னொரு சாரார். 1970களில் கிளம்பிய இந்தக் கேள்விக்கு மறுக்க முடியாத பதில் 2004இல்தான் கிடைத்தது. இடைப்பட்ட காலத்தில் ஆதாரங்களுக்குப் பஞ்சமே இல்லை. மூளையில் இருக்கிறது, பாலில் இருக்கிறது, தேரையின் தோலில் இருக்கிறது என்று கட்டுரைகள் வந்துகொண்டே இருந்தன. ஒரு பொருள் ஓரிடத்தில் இருப்பதற்கும் அங்கேயே உண்டானதற்கும் உள்ள இடைவெளியை அவை எதுவும் அடைக்கவில்லை. அந்த இடைவெளி எப்படி அடைபட்டது என்பதைத்தான் இந்த ஆய்வு பார்க்கிறது.

கேள்வியின் தொடக்கம்

ஜெர்மானிய மருந்தாளர் ஃபிரெடரிக் செர்ட்யூர்னர் அபினிலிருந்து மார்ஃபினைப் பிரித்த செய்தியை 1805இல் வெளியிட்டார். தாவரத்திலிருந்து தூய நிலையில் பிரிக்கப்பட்ட முதல் ஆல்கலாய்டு (செடிகள் செய்யும் நைட்ரஜன் கொண்ட சேர்மம்) அது. அபினின் எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு மார்ஃபின்தான் என்பதால் கைக்குக் கிடைப்பதும் எளிதாக இருந்தது. 1925இல் ராபர்ட் ராபின்சன் அதன் அமைப்பைச் சரியாகக் கணித்தார். 1952இல் மார்ஷல் கேட்ஸ் அதை ஆய்வகத்தில் முழுமையாகத் தொகுத்துக் காட்டினார். அதுவரை யாரும் மார்ஃபினை விலங்குடலோடு சேர்த்து யோசிக்கவில்லை. அது செடிச் சரக்கு, அவ்வளவுதான்.

1973இல் நிலைமை மாறியது. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் கேண்டஸ் பெர்ட்டும் சாலமன் ஸ்னைடரும், நியூயார்க்கில் எரிக் சைமனும், சுவீடனின் உப்சாலாவில் லார்ஸ் டெரீனியஸும் தனித்தனியாக ஒரே முடிவுக்கு வந்தார்கள்: மூளைச் செல்களில் மார்ஃபினைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள் இருக்கின்றன. ஏதோ ஒரு செடியின் பாலுக்காக விலங்கின் மூளை ஏன் ஓர் ஏற்பியை வைத்திருக்க வேண்டும்? உடலுக்குள்ளேயே அதற்குரிய பொருள் ஒன்று இருந்தாக வேண்டும் என்று தேடல் தொடங்கியது. 1975இல் ஸ்காட்லாந்தின் அபர்டீனில் ஜான் ஹியூஸும் ஹான்ஸ் காஸ்டர்லிட்ஸும் பன்றி மூளையிலிருந்து என்கெஃபலின்களைப் பிரித்தார்கள். ஐந்தே அமினோ அமிலங்கள் கொண்ட குட்டிப் பெப்டைடுகள். அவற்றின் முனையில் இருக்கும் டைரோசின் என்ற அமினோ அமிலம், ஏற்பியின் கண்ணுக்கு மார்ஃபினின் ஒரு பகுதியைப் போலவே தெரியும்.

பெரும்பாலானோர் அதோடு திருப்தி அடைந்தார்கள். ஏற்பிக்கு உரிய பொருள் கிடைத்துவிட்டது, செடியின் மார்ஃபின் அதைப் போல வேடமிட்டு நுழைகிறது, அவ்வளவே. விளக்கம் கச்சிதமாக இருந்ததால், உடலுக்குள் நிஜ மார்ஃபினே இருக்கலாம் என்று சொன்னவர்களின் பேச்சு வெகுநாள் எடுபடவில்லை.

இருக்கிறது என்ற ஆதாரங்கள்

அப்படிச் சொன்னவர்களில் முக்கியமானவர் ரோஷ் மூலக்கூறு உயிரியல் நிறுவனத்தின் சிட்னி ஸ்பெக்டர். மார்ஃபினை அடையாளம் காணும் எதிர்ப்பொருளை உருவாக்கி, அதை வைத்து மிகச் சிறு அளவையும் அளக்கும் முறையை 1970இல் வெளியிட்டவர் அவர். அதே எதிர்ப்பொருளை மூளைச் சாற்றில் போட்டபோது அது எதையோ பிடித்தது. பெப்டைடு அல்லாத, மார்ஃபினை ஒத்த ஒரு பொருள் மைய நரம்பு மண்டலத்தில் இருப்பதாக 1976இல் அவர் குழு எழுதியது. ‘மார்ஃபினை ஒத்த’ என்று எழுதியதில் ஒரு நேர்மை இருந்தது. எதிர்ப்பொருள் வடிவத்தை மட்டுமே பார்க்கும். அதே முகஜாடையுள்ள வேறொன்றையும் பிடித்துவிடும்.

அந்தச் சந்தேகம் 1985இல் தீர்ந்தது. ஸ்டான்ஃபோர்டின் அவ்ரம் கோல்ட்ஸ்டைன், அபின் வேதியியலில் கைதேர்ந்த ஹென்றி ராப்பபோர்ட் ஆகியோரின் குழு மாட்டின் மூளையிலிருந்தும் அட்ரினல் சுரப்பியிலிருந்தும் மார்ஃபினைப் பிரித்தெடுத்தது. ஒத்தது அல்ல, மார்ஃபினேதான். அதே ஆண்டு ஸ்பெக்டரின் குழு தேரையின் தோலிலும் அதைக் கண்டது.

ஆனால் அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே, 1981இல், இன்னொரு குழு இந்த முடிவுகளையெல்லாம் கவிழ்க்கக்கூடிய ஒன்றைக் கண்டிருந்தது. பசும்பாலிலும் தாய்ப்பாலிலும் மார்ஃபின் இருப்பதைப் பார்த்த அவர்கள், அதோடு விடாமல் வைக்கோலையும் லெட்யூஸ் கீரையையும் சோதித்தார்கள். அவற்றிலும் இருந்தது. மாடு தின்பதிலேயே மார்ஃபின் இருந்தால் மாட்டு மூளையில் அது இருப்பதில் என்ன வியப்பு? பால் குடிக்கும், கீரை தின்னும் மனிதரின் சிறுநீரில் இருப்பதிலும் வியப்பில்லை. கோல்ட்ஸ்டைன் குழுவின் வேதியியலில் ஒரு பிசகும் இல்லை. ஆனால் எவ்வளவு துல்லியமாகப் பிரித்தெடுத்தாலும் இந்தக் கேள்விக்கு அது பதிலாகாது. கருவியின் நுட்பம் கூடக்கூட, சாப்பாட்டிலிருந்து வந்த இம்மியும் கண்ணில் படத் தொடங்கும். நுட்பம் இங்கே குழப்பத்தைக் கூட்டத்தான் செய்தது.

இன்னொரு பக்கத்திலிருந்து

இதற்கிடையே வேறொரு தடயம் தனியாக வளர்ந்து வந்தது. அமெரிக்காவின் ஹூஸ்டனைச் சேர்ந்த வர்ஜீனியா டேவிஸும் மைக்கேல் வால்ஷும் 1970இல் ஒரு கருதுகோளை முன்வைத்தார்கள். மது உடலில் சிதையும்போது, மூளையில் செய்தி கடத்தும் டோப்பமைனின் வழக்கமான சிதைவு தடைபடுகிறது. அப்போது டோப்பமைனும் அது சிதைந்து வரும் ஆல்டிஹைடும் ஒன்றோடொன்று சேர்ந்து டெட்ராஹைட்ரோபாப்பாவெரோலின் என்ற பொருள் உருவாகலாம். கசகசாச் செடி மார்ஃபினைச் செய்யும் வழியிலும் இந்த வகைச் சேர்மங்கள்தான் வருகின்றன. ஆகவே மது அடிமைத்தனத்துக்கும் அபின் அடிமைத்தனத்துக்கும் வேர் ஒன்றாக இருக்கலாம் என்றார்கள். மருந்தியலாளர்கள் உடனே எதிர்த்தார்கள். மதுவை நிறுத்தும்போது வரும் உடல் தொல்லைகளும் அபினை நிறுத்தும்போது வருபவையும் வேறு வேறு என்பது அவர்களின் வாதம், நியாயமான வாதமும்கூட. மதுவைப் பற்றிய அந்தக் கருதுகோள் நிலைக்கவில்லை. அதற்குள் பொதிந்திருந்த வேதியியல் மட்டும் தப்பித்தது.

1973இல் மெர்ட்டன் சாண்ட்லரின் குழு, எல்-டோப்பா மருந்து எடுத்துவந்த பார்க்கின்சன் நோயாளிகளின் சிறுநீரில் இந்த டெட்ராஹைட்ரோபாப்பாவெரோலினைக் கண்டது. எல்-டோப்பா உடலில் டோப்பமைனாக மாறும் மருந்து. மூலப்பொருளை அள்ளிக் கொடுத்தால் இடைப்பொருள் பெருகும் என்பது இங்கே மனித உடலிலேயே தெரிந்துவிட்டது. 1992இல் ஜப்பானியக் குழு ஒன்று இதே சிகிச்சையில் இருந்த நோயாளியின் சிறுநீரில் இடைப்பொருளோடு, மார்ஃபினுக்கு ஒரு படி முந்தைய கோடீனும் மார்ஃபினும் கூடியிருப்பதைக் காட்டியது. எல்-டோப்பா கூடினால் மார்ஃபின் ஏன் கூட வேண்டும்? சாப்பாட்டுக் கட்சியிடம் இதற்கு எளிதான பதில் இல்லை.

கல்லீரலும் சாட்சி சொன்னது. 1986இல் ஸ்பெக்டர் குழு மார்ஃபினுக்கு முந்தைய சேர்மங்களை எலிகளுக்குக் கொடுத்தபோது அவற்றின் திசுக்களில் மார்ஃபின் உயர்ந்தது. 1987இல் கோல்ட்ஸ்டைன் குழு, பாலூட்டியின் கல்லீரல் ரெட்டிகுலின் என்ற சேர்மத்தை சலூட்டாரிடினாக மாற்றும் என்று காட்டியது. மார்ஃபினின் வளையக்கூடு உருவாகும் படி இதுதான். செடியால் மட்டுமே முடியும் என்று எண்ணப்பட்ட ஒரு வேலையை ஈரல் செய்துவிட்டது.

இதையும் மறுக்க வழி இருந்தது. உள்ளே வரும் அந்நியப் பொருள் எதுவானாலும் கல்லீரல் அதைப் பிடித்து மாற்றத்தான் பார்க்கும். நாம் ஊற்றிய ரெட்டிகுலினை அது என்ன செய்கிறது என்பது வேறு, அது தானாகவே டைரோசினிலிருந்து தொடங்கி மார்ஃபின் வரை போகிறதா என்பது வேறு. எனக்கு இந்த மறுப்பு சரியாகவே படுகிறது. ஒரு பாதையின் நடுவில் ஆளை இறக்கிவிட்டு, அவர் கடைசிவரை நடந்தார் என்பதை வைத்து, தொடக்கத்திலிருந்தே நடந்து வந்தார் என்று சொல்லிவிட முடியாது.

2004: காற்றில் வைத்த அடையாளம்

முடிச்சை அவிழ்த்தவர் ஒரு தாவர உயிர்வேதியியலாளர். ஜெர்மனியின் ஹாலே நகரில் பணிபுரிந்த மைன்ஹார்ட் ட்சென்க், ஆல்கலாய்டுகளைச் செடிகள் எப்படிச் செய்கின்றன என்பதில் பல பத்தாண்டுகள் ஊறியவர். மனித உடலை ஒரு செடியைப் போல அணுகியதுதான் அவர் குழு செய்த முக்கியமான காரியம் என்று சொல்வேன். செடி ஒன்றைச் செய்கிறதா என்று அறிய, தாவர வேதியியலாளர்கள் அதற்கு ஐசோடோப்பு (அதே தனிமத்தின் எடை மாறிய அணு) அடையாளமிட்ட மூலப்பொருளைக் கொடுத்துவிட்டு, அந்த அடையாளம் கடைசிப் பொருளில் எங்கே போய் உட்காருகிறது என்று பார்ப்பார்கள்.

அவர்கள் எடுத்துக்கொண்டது முழு மனிதரை அல்ல. எஸ்எச்-எஸ்ஒய்5ஒய் என்ற மனித நரம்புப் புற்றுச் செல்வரிசையும், டான்-ஜி என்ற கணையப் புற்றுச் செல்வரிசையும்தான். நரம்புச் செல்களில் 10 நானோமோலார் அளவில் மார்ஃபின் இருந்தது. வழக்கமான சந்தேகம் இங்கேயும் எழும். செல் வளர்க்கும் ஊடகத்தில் பொதுவாகக் கன்றின் சீரம் சேர்ப்பார்கள்; கன்றின் தாய் வைக்கோல் தின்றிருக்கும். சுற்றிச் சுற்றி அதே இடம்.

இதை உடைக்க அவர்கள் கையில் எடுத்தது காற்று. செல்களை ஆக்சிஜன்-18 நிறைந்த சூழலில் வளர்த்தார்கள். நாம் சுவாசிக்கும் ஆக்சிஜனில் இந்தக் கனமான வகை 0.2 விழுக்காடுதான், மற்றதெல்லாம் ஏறக்குறைய ஆக்சிஜன்-16. உணவிலிருந்தோ சீரத்திலிருந்தோ வந்த மார்ஃபின் ஏற்கெனவே கட்டி முடிக்கப்பட்டது. அதன் ஆக்சிஜன்கள் பழையவை, சுற்றியுள்ள காற்றை மாற்றுவதால் அவை மாறப்போவதில்லை. செல் இப்போது புதிதாக மார்ஃபின் செய்தால் மட்டுமே கனமான ஆக்சிஜன் அதற்குள் நுழைய முடியும்.

மார்ஃபினின் மூலக்கூறு எடை 285. அந்தச் செல்களிலிருந்து கிடைத்த மார்ஃபின் 4 அலகு கூடுதல் எடையுடன், 289 என்று வந்தது. அதாவது இரண்டு ஆக்சிஜன்-18 அணுக்கள். இயற்கைக் காற்றில் தற்செயலாக ஒரே மார்ஃபின் மூலக்கூறில் இரண்டு கன ஆக்சிஜன்கள் சேர்வதற்கான வாய்ப்பு லட்சத்துக்கு ஒன்று என்ற கணக்கில்தான் வரும்.

மார்ஃபினில் மூன்று ஆக்சிஜன்கள் இருக்க, ஏன் இரண்டு மட்டும்? இந்த இடத்தைத்தான் நான் திரும்பத் திரும்ப வாசித்தேன், ஏனென்றால் கணக்கு இங்கே அழகாக உட்காருகிறது. மார்ஃபினின் எலும்புக்கூடு இரண்டு டைரோசின்களிலிருந்து வருகிறது. ஒவ்வொரு டைரோசினும் ஊடகத்திலிருந்து வரும்போதே ஒரு பழைய ஆக்சிஜனோடு வரும். நொதிகள் ஒவ்வொன்றின் வளையத்திலும் காற்றிலிருந்து இன்னொரு ஆக்சிஜனை ஏற்றும். ஆக மொத்தம் நான்கு: இரண்டு பழையது, இரண்டு புதியது. கணையச் செல்களில் கிடைத்த இடைப்பொருள்கள் இப்படித்தான் இருந்தன, நான்கில் இரண்டு மட்டும் அடையாளத்தோடு. அப்புறம், மார்ஃபினின் ஐந்தாவது வளையம் மூடும் கட்டத்தில் ஓர் ஆக்சிஜன் கழன்று போகிறது. கழல்வது டைரோசினோடு வந்த பழைய இரண்டில் ஒன்று. மிச்சம் மூன்று: ஒன்று பழையது, இரண்டு புதியது. கருவி காட்டிய எடையும் அதையேதான் சொன்னது. வெளியிலிருந்து வந்த மார்ஃபின் எந்த வித்தையாலும் இந்த வடிவத்தைக் காட்டியிருக்க முடியாது.

அதோடு நிற்கவில்லை. வளையத்தின் ஆறு கார்பன்களும் கார்பன்-13 ஆன டைரமினையும் (டைரோசினிலிருந்து வருவது), அடையாளமிட்ட ரெட்டிகுலினையும், பாதையில் அதற்குப் பின்னால் வரும் தீபெயினையும் அடையாளமிட்டு தனித்தனியாகக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒவ்வொரு முறையும் அடையாளம் மார்ஃபினில் எந்த இடத்தில் இருக்க வேண்டுமோ அதே இடத்தில் இருந்தது. மனிதச் செல் மார்ஃபின் செய்யும் என்பதில் அதற்குப்பின் ஐயத்துக்கு இடமில்லை.

செடியின் வழியும் செல்லின் வழியும்

அடுத்த ஆண்டே அதே குழு முழுப் பாதையையும் வரைந்தது. கசகசாச் செடி தொடங்கும்போது மூன்று ஆக்சிஜன் கொண்ட நோர்கோக்லாரினைச் செய்து, நான்காவதைப் பிறகு ஏற்றுகிறது. மனிதச் செல் எடுத்த எடுப்பிலேயே நான்கு ஆக்சிஜன் கொண்ட நோர்லாடனோசோலினில் தொடங்குகிறது. மேலே சொன்ன டெட்ராஹைட்ரோபாப்பாவெரோலினின் மறுபெயர்தான் இது. ரெட்டிகுலினில் இரண்டு வழிகளும் சேர்ந்துகொள்கின்றன.

ரெட்டிகுலினுக்கு இடக்கை, வலக்கை போல இரண்டு வடிவங்கள் உண்டு. நொதியின் துணையில்லாமல் தானாக உருவானால் இரண்டும் சம அளவில் வரவேண்டும். மனிதச் செல்களில் கிடைத்தது எஸ் வடிவம். யாரோ திசை காட்டியிருக்கிறார்கள் என்பதற்கு இது நல்ல சான்று. ஆனால் சலூட்டாரிடினாக மாற வேண்டியது எதிர் வடிவமான ஆர். செடியில் இந்தக் கைமாற்றத்தைச் செய்வது ஒன்றாக ஒட்டிப்போன இரு நொதிகளின் புரதம் என்பது 2015இல் தெரியவந்தது. மனிதரில் அடுத்த படியை, ஆர்-ரெட்டிகுலினிலிருந்து சலூட்டாரிடின் செய்வதை, சிஒய்பி2டி6, சிஒய்பி3ஏ4 என்ற நொதிகளால் செய்ய முடியும் என்று 2009இல் காட்டப்பட்டது. இரண்டுமே கல்லீரலில் மருந்துகளைச் சிதைக்கும் பழைய கைகள். செடியில் இதே படியைச் செய்யும் நொதி அந்த வேலைக்கென்றே இருப்பது. செடியிடமிருந்து விலங்கு கற்றதும் இல்லை, பொது மூதாதையிடமிருந்து இருவரும் வாங்கியதும் இல்லை என்றே நான் இதிலிருந்து எடுத்துக்கொள்கிறேன். ஒரே ஊருக்குத் தனித்தனியாக வந்து சேர்ந்தவர்கள்.

இது எதற்குப் பயன்படுகிறது?

‘செய்ய முடியும்’ என்பது நிறுவப்பட்டது. ‘எதற்காகச் செய்கிறது’ என்பது அப்படி இல்லை. 2010இல் எலிகளுக்கு முந்தைய சேர்மங்களை ஊசி மூலம் செலுத்தியபோது சிறுநீரில் மார்ஃபின் வந்தது. ஆக, வளர்ப்புத் தட்டில் மட்டும் நடக்கும் விந்தை அல்ல இது. ஆனால் வலியைக் கட்டுப்படுத்தவோ உணர்வைச் செதுக்கவோ இந்த மார்ஃபின் உதவுகிறது என்று அடித்துச் சொல்ல, அதை மட்டும் நிறுத்திப் பார்க்க வேண்டும். சம்பந்தப்பட்ட நொதிகளுக்கு வேறு நூறு வேலைகள் இருக்கின்றன; ஒன்றை முடக்கினால் எல்லாம் குலையும். ‘உங்கள் மூளையே அபின் தயாரிக்கிறது’ என்று கொண்டாடும் பேச்சுகளைக் கேட்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

சோதனைக்கூடங்களுக்கு இது தலைவலியா என்றால், இல்லை. போதைப்பொருள் பரிசோதனையைக் குழப்பியது உடல் செய்த மார்ஃபின் அல்ல, கசகசா. விதைகளில் ஒட்டியிருக்கும் பாலின் எச்சமே சோதனையில் சிக்க வைத்துவிடும் என்பதால், அமெரிக்க அரசு ஊழியர் பரிசோதனைகளில் வரம்பு 1998இல் மில்லிலிட்டருக்கு 300 நானோகிராமிலிருந்து 2,000 நானோகிராமாக உயர்த்தப்பட்டது. உடலின் சொந்தச் சரக்கு அந்தப் பழைய வரம்பின் பக்கத்தில்கூட வராது. ஹெராயினைத் தனியே பிரித்தறிய 6-அசெட்டைல்மார்ஃபின் என்ற சேர்மத்தைத் தேடுவார்கள். கசகசாவிலிருந்து அது வராது.

பாதையின் கடைசிப் படி மட்டும் மருத்துவமனைகளில் அன்றாடம் கண்ணுக்குத் தெரிகிறது. கோடீனிலிருந்து ஒரு மெத்தில் தொகுதியைக் கழற்றினால் மார்ஃபின். செடியில் இதற்கு ஒரு குடும்பத்து நொதி, மனிதரில் முற்றிலும் வேறு குடும்பத்தைச் சேர்ந்த நம் சிஒய்பி2டி6. கோடீன் மாத்திரை வலியைக் குறைப்பதே பெரும்பாலும் இந்த மாற்றத்தால்தான். இந்த நொதி வேலை செய்யாத மரபமைப்பு உள்ளவர்களுக்கு, ஐரோப்பியரில் இவர்கள் 5 முதல் 10 விழுக்காடு, கோடீன் போட்டும் வலி அவ்வளவாகக் குறையாது. நொதி அளவுக்கு மீறி வேலை செய்பவர்களுக்கு அதே மாத்திரை அபாயம். தொண்டைச் சதை (டான்சில்) அறுவைக்குப்பின் கோடீன் கொடுக்கப்பட்ட குழந்தைகள் சிலர் மூச்சு அடங்கி இறந்த பிறகு, அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2013இல் கடும் எச்சரிக்கை விடுத்தது. 2017இல் 12 வயதுக்குக் கீழுள்ளவர்களுக்குக் கோடீனே கூடாது என்று அறிவித்தது.